சனி சாரும் பதினோராம் பக்கமும்

தாம்பரத்திலிருந்து மீனம்பாக்கம் வரை உள்ள அத்தனை பேரும் சனி தங்களைப் பார்த்துவிடக் கூடாது என்று எள் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது, "வாங்க, நாம போய் அதைப் பார்ப்போம்" என்று வீடு வீடாகக் கதவைத் தட்டிய ஒரே மனிதர் எங்கள் சனி சார்தான். பூமியில் இப்படி இன்னொருவர் இருந்தால், அவரும் வாடகை வீடு மாறிக்கொண்டுதான் இருப்பார்.

குரோம்பேட்டையில், ரயில் சத்தம் நன்றாகக் கேட்கும் தூரத்தில் ஒரு நான்கு மாடிக் குடியிருப்பு. அப்பா அங்கே வாட்ச்மேன். கேட்டை ஒட்டிய அறையில் நாங்கள் இருந்தோம். நான்காம் மாடியில் சனி சார். தனி ஆள், நாற்பத்தைந்து வயது இருக்கும். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கும் வேலை. அவருக்கு அம்மா அப்பா வைத்த நல்ல பெயர் ஒன்று இருந்தது. அது ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும்.

மொட்டை மாடிச் சாவி எங்கள் அறை ஆணியில் தொங்கும். அதனால் தினமும் மாலை ஆறரைக்கு எங்கள் ஜன்னலில் அவர் முகம் தெரியும்.

"சாவி குடும்மா. வானம் இன்னிக்கு கிளீனா கீது."

அவருடைய டெலஸ்கோப் கடையில் வாங்கியது அல்ல. வட்டமான ஒரு கண்ணாடியை எட்டு மாதம் வீட்டில் உட்கார்ந்து கையாலேயே தேய்த்தார். "எட்டு மாசமா மேல கிரைண்டர் ஓடுது, ஒரு இட்லிகூட கீழ வரல" என்று மூன்றாம் மாடி பங்கஜம் ஆன்ட்டி புகார் கொடுத்தார். தேய்த்து முடித்த கண்ணாடியை ஆளுயர பிவிசி பைப்பின் அடியில் பொருத்தி, மாடியில் நிறுத்தினார் சனி சார். மறுவாரம் தண்ணீர்த் தொட்டி கழுவ வந்த பிளம்பர், அது ஓவர்ஃப்ளோ பைப் என்று நினைத்து அதன் தலையில் ஒரு எல்போ வளைவை மாட்டிவிட்டுப் போனார். அன்று சனி சார் வியாழனைத் தேடி அரை மணி நேரம் பிவிசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நிலாவை அவருக்குப் பிடிக்காது. "அது இன்னா, ஃப்ரீயா குடுத்த டியூப்லைட். அது வந்தா வேற எதுவும் தெரியாது" என்பார். பௌர்ணமியன்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவார். கரண்ட் போனால் மொத்தக் குடியிருப்பும் திட்டும். அவர் மட்டும் "போச்சு! போச்சு!" என்று கல்யாண வீட்டுக்காரர் மாதிரி படியேறி ஓடுவார். கரண்ட் திரும்பி வந்ததும் இறங்கி வருகிற அந்த முகத்தைப் பார்க்கிறவர்கள், வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரிப்பார்கள்.

பிடித்தது சனி ஒன்றுதான். "வானத்துலயே அழகு அதாம்மா. ஒரு தடவை பார்த்தவன் மறக்க மாட்டான்." இந்த அழகை எல்லோருக்கும் காட்டிவிட வேண்டும் என்பது அவருடைய வியாதி. வியாதிக்கு நேரம் காலம் ஏது? எங்கள் அசோசியேஷன் செக்ரட்டரி வீட்டில் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் கேசரியில் ஸ்பூன் வைத்த நேரத்தில் காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தால் சனி சார்.

"சார், சாயங்காலம் சனியைக் காட்டறேன். எல்லாரும் குடும்பத்தோட வந்துடுங்க. விருந்தாளிங்களையும் கூட்டிக்கினு வாங்க."

அந்தச் சம்பந்தம் அமையவில்லை. அவர்கள் கார் கேட்டார்கள், இவர்கள் ஸ்கூட்டர் என்றார்கள். விஷயம் அவ்வளவுதான். ஆனால் செக்ரட்டரி வேறு மாதிரி கணக்குப் போட்டார். அந்த வருடம் சனிப்பெயர்ச்சி வேறு. லிஃப்ட் நின்றது, மோட்டார் எரிந்தது, பங்கஜம் ஆன்ட்டிக்கு முழங்கால் வீங்கியது. எல்லாப் பழியும் ஒரு பிவிசி பைப்பின் மேல் விழுந்தது.

நான் அப்போது கல்லூரியில் இயற்பியல் கடைசி வருடம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். இந்த மனிதர் தினமும் மேலே போய் என்னதான் பார்க்கிறார் என்று தெரிந்துகொள்ள, தாம்பரத்தில் ஒரு கடையில் வானம் பார்க்கப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கான கையேடு ஒன்றை வாங்கி வந்தேன். பாடப் புத்தகம் அல்லாமல் எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் புத்தகம் அது. அப்பா அதற்கு பிரவுன் அட்டை போட்டு, ரேஷன் கார்டு இருக்கும் தகரப் பெட்டிக்குள் வைத்தார். எழுத்துத் தெரியாதவர் அப்பா. ஆனாலும் தலைகீழாக ஒரு நாளும் வைத்ததில்லை.

அதைப் பெருமையாக சனி சாரிடம் காட்டினேன். நான்கு பக்கம் புரட்டினார். தப்பான பவர் போட்ட கண்ணாடியைப் பார்ப்பதுபோல் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது எல்.கே.ஜி.ம்மா. வடக்கு எது, தெற்கு எதுன்னு ஆரம்பிக்கிறான்."

"உங்களுக்கும் ஏதாவது உபயோகப்படும் சார்."

"எனக்கா? நான் தினம் போற என் வூட்டுக்கு எவன்கிட்டயாவது வழி கேட்பனா?"

சுருக்கென்றது. புத்தகத்தை வாங்கிக்கொண்டேன். மறுநாள் சாவியைக் கையில் கொடுக்கவில்லை, ஜன்னல் திட்டில் வைத்தேன். அவர் கவனிக்கவே இல்லை. அதுதான் இன்னும் சுட்டது.

அந்த வாரமே நோட்டீஸ் போர்டில் காகிதம் ஒட்டினார்கள். மொட்டை மாடி பொது இடம், ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் பைப்பை அகற்ற வேண்டும். சனி சார் நேரே செக்ரட்டரியிடம் போய் நின்றார்.

"எனக்கு பர்சனலா ஒண்ணும் இல்ல மிஸ்டர்" என்றார் செக்ரட்டரி. "பத்து வீட்டுக்காரங்க வந்து பார்க்கட்டும். ஆட்சேபணை இல்லன்னு கையெழுத்துப் போடட்டும். இருந்துட்டுப் போகுது. இல்லன்னா காயலான் கடைக்காரன் வருவான்."

எங்கள் அறைக்கு வந்து சனி சார் அப்பாவின் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "எட்டு மாசம் தேச்சது" என்றார். எனக்குக் கோபம் போய்விட்டது.

உடனே அவரே நாளும் குறித்தார். "சனிக்கிழமை சாயங்காலம். அன்னிக்கு அமாவாசை. நிலாவே இருக்காது. வானம் சும்மா கருப்பா பிரமாதமா இருக்கும்."

அப்பா வாயில் போட்டிருந்த வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். "சார், இன்னா சார் பேஜாரு இது! சனிக்கிழம, அமாவாச, அதுல சனியப் பார்க்க யார் சார் வருவாங்க? நானே வர மாட்டேன்."

"வானத்துக்குக் கிழமை ஏதுப்பா?" என்றார் சனி சார்.

வானத்துக்கு இல்லைதான். சனிக்கிழமை மாலை மொத்தக் குடியிருப்பும் கோயில் நவக்கிரக வரிசையில் நின்றது. மாடியில் சனி சாரும், ஒரு பேனாவும், வெள்ளைத் தாளும்தான்.

ஏழு மணிக்குக் கூட்டம் திரும்பி வந்தது. கேட்டில் நான் வழி மறித்தேன். "ஆன்ட்டி, ஒரே ஒரு நிமிஷம் மாடிக்கு வாங்களேன்."

பங்கஜம் ஆன்ட்டி நெற்றித் திருநீறோடு என்னை முறைத்தார். "உனக்கு அறிவிருக்கா? கோயில்லயே நேருக்கு நேர் நிக்கக் கூடாதுன்னு ஒரு ஓரமா, சைடுல நின்னு கும்பிட்டுட்டு வரேன். அங்க போயி கண்ணோட கண்ணு வைக்கச் சொல்றியா?"

சைடு. அந்த வார்த்தை எனக்குள் எங்கோ இடித்தது. உள்ளே ஓடித் தகரப் பெட்டியைத் திறந்தேன். பதினோராம் பக்கம். குழாய் போன்ற டெலஸ்கோப்பின் படம். ஒளி மேலிருந்து குழாய்க்குள் இறங்கி, அடியில் இருக்கும் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, மேலே சாய்த்து வைத்த ஒரு சின்னக் கண்ணாடியில் மோதி, பக்கவாட்டில் இருக்கும் துளை வழியாக வெளியே வருகிறது. பார்க்கிறவர் குழாய்க்குப் பக்கத்தில், ஓரமாக நிற்கிறார்.

"ஆன்ட்டி, பாருங்க. யாரும் நேருக்கு நேர் பார்க்கறதில்ல. சனி எதிர்ல இருக்கும், நீங்க சைடுல நிப்பீங்க. பார்க்கறதுகூட கண்ணாடியில விழுற பிம்பத்தைத்தான்."

"அந்த ஆள் இதைச் சொல்லவே இல்லியே!"

"புக்குல போட்டிருக்கு ஆன்ட்டி."

"அச்சுல போட்ருக்காம்மா" என்று அப்பா பின்னாலிருந்து அழுத்தினார். "என் பொண்ணு படிச்சிட்டுச் சொல்லுது."

ஆன்ட்டி படத்தைப் பார்த்தார். பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பத்து வருடமாகக் கண்ணாடி தேய்க்கிறவர் வீடு வீடாக வந்து அழைத்தும் வராதவர்கள், பத்து வரி அச்சை நம்பிப் படியேறினார்கள்.

மாடியில் சனி சார் புத்தகத்தை வாங்கிப் படத்தைப் பார்த்தார். முகம் சுருங்கியது. "இது அளவு தப்பா கீதே. அந்தச் சின்ன கண்ணாடி இன்னும் கொஞ்சம் கீழ..." அவர் காலை ஓங்கி மிதித்தேன். வாயை மூடிக்கொண்டார்.

பங்கஜம் ஆன்ட்டி ஓரமாக நின்று, ஒரு கண்ணை மூடி, துளையில் கண் வைத்தார். எங்களுக்கு மேலே ஒரு விமானம் இறங்கிப் போனது.

"ஐய, இத்துனூண்டு! வளையம்லாம் போட்டுக்கிட்டு!" என்றார். பிறகு குரல் மாறி, "பாவம், இவ்ளோ இருட்டுல தனியா நிக்குதே. இதுக்கா பயந்தோம்?"

கையெழுத்துகள் விழத் தொடங்கின. ஒன்பது ஆனது. பத்தாவதுக்கு ஆள் இல்லை. சனி மேற்கே கல்யாண மண்டபத்து விளக்குகளை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. சனி சார் வானத்தைப் பார்க்காமல் தாளையே பார்த்தார். அப்போதுதான் மாடியைப் பூட்ட செக்ரட்டரி வந்தார்.

"சைடுல நின்னுதான் சார் பார்க்கணும்" என்று ஆன்ட்டியே விளக்கினார். பதினோராம் பக்கத்தை அவரும் வாங்கிப் படித்தார். பிறகு என்னைத் தனியே அழைத்து, "பிம்பம் தலைகீழாத் தெரியும்னு போட்டிருக்கே. அப்போ பலனும் தலைகீழா..." என்று மெதுவாகக் கேட்டார்.

"அது இந்தப் புக்குல இல்ல சார்."

இருந்தாலும் குனிந்தார். பார்த்தார். நிமிர்ந்தார். "மங்கலா இருக்கே மிஸ்டர்."

"டெலஸ்கோப்பு கரெக்ட்டு சார். உங்களுக்குத்தான் பவர் ஏறிடுச்சு. திங்கட்கிழமை கடைக்கு வாங்க" என்றபடி சனி சார் ஒரு திருகைத் திருப்பினார்.

செக்ரட்டரி மறுபடி குனிந்தார். இந்த முறை நிமிரவே இல்லை. மண்டபத்து விளக்குக்குள் சனி மறையும்வரை அப்படியே நின்றுவிட்டு, பத்தாவது கையெழுத்தைப் போட்டார்.

அதன் பிறகு நடந்தது இன்னும் மோசம். சனிக்கிழமைதோறும் மாடியில் வரிசை நின்றது. ஒருநாள் டெலஸ்கோப்பின் காலடியில் யாரோ எள் விளக்கு ஏற்றிவிட்டார்கள். "புகை கண்ணாடியில படியுதும்மா, எவன் பார்த்த வேலை இது!" என்று சனி சார் நான்கு மாடிக்கும் கேட்கும்படி அலறினார். செக்ரட்டரி பெண்ணுக்கு வேறு வரன் அமைந்தது. அதற்கும் சனிதான் காரணமாம்.

ஒரு நாள் சனி சார் எங்கள் ஜன்னலில் நின்று, சாவிக்கு முன்பாக வேறொன்று கேட்டார். "அந்த எல்.கே.ஜி. புக்கு குடேன். இன்னா இன்னா தப்பு கீதுன்னு பார்க்கிறேன்."

இரண்டு வருடம் அவரிடமே இருந்தது. கோவிலம்பாக்கத்தில் சொந்தமாக ஒரு சின்ன வீடு வாங்கிக் குடிபோன நாளில், பைப்பை வண்டியில் ஏற்றிவிட்டு, திருப்பிக் கொடுத்தார். அப்பா போட்ட பிரவுன் அட்டை கசங்காமல் இருந்தது. உள்ளே பக்கத்துக்குப் பக்கம் பென்சிலில் சண்டை: தப்பு, அரைகுறை, இவன் வானத்தையே பார்த்ததில்லை. பதினோராம் பக்கத்தில் மட்டும் சண்டை இல்லை. அங்கே ஒரு டிக். அதன் கீழே, "இதை நானே சொல்லியிருக்கணும்."

இப்போது நான் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். குரோம்பேட்டையில் கரண்ட் போனால், போன இரண்டாவது நிமிடம் கோவிலம்பாக்கத்திலிருந்து போன் வரும். "உங்க பக்கம் கரண்ட் போச்சாமே? குடுத்து வச்சவங்கம்மா நீங்க." நான் அதற்குள் ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு பாதி மாடி ஏறியிருப்பேன்.