நட்டு நைனாவின் இரண்டு கன்னங்கள்

எண்ணூர் சாலையில் அந்த நாளில் ஓடிய கன்டெய்னர் லாரிகளில் பாதி, ஒரே மனிதரின் வாய்க்குள் போய்த் திரும்பியவை. நம்பாதவர்கள் திருவொற்றியூரில் எங்கள் லாரி ஷெட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவரைக் கேட்கலாம். அந்த மனிதர் வாயில் இரண்டு நட்டை வைத்துக்கொண்டே டீ குடிப்பதைக் கடைக்காரர் தினமும் பார்த்தவர்.

நட்டு நைனா எங்கள் ஷெட்டின் எலக்ட்ரீஷியன். ஐம்பத்தைந்து வயது, இடது காதில் காது மிஷின், முகத்தில் நிரந்தரமாக ஒரு கலவரம். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

என்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டி வைத்த லாரிகள் ஷெட்டுக்கு வரத் தொடங்கியிருந்த காலம் அது. பெட்டி என்னவோ டிபன் பாக்ஸ் அளவுதான். ஆனால் வெல்டிங் கரண்ட் வழிதவறி அதற்குள் புகுந்தால் ஒரே சொடுக்கில் உயிர் போய்விடும்; லாரி அதோடு வெறும் இரும்பு. அதனால் வண்டியில் பற்றவைப்பதற்கு முன் மூன்று வேலை உண்டு. பேட்டரி கேபிள்களைக் கழற்ற வேண்டும். பெட்டியின் பிளக்கை உருவ வேண்டும். வெல்டிங் மிஷினின் எர்த் கிளாம்ப்பை, பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கவ்வவிட வேண்டும். தூரத்தில் கவ்வவிட்டால், கரண்ட் நடுவில் இருப்பதையெல்லாம் மேய்ந்துகொண்டு போகும்.

இதெல்லாம் எனக்கும் தெரியும். நான் டிப்ளமா படித்த சூப்பர்வைசர். ஆனால் தெரிவது வேறு, பயப்படுவது வேறு. பயப்படுவதில் நைனா டாக்டர் பட்டம் வாங்கியவர்.

முன்பு அவர் இருந்த ஷெட்டில், வெல்டிங் நடக்கும்போதே பாட்டுக் கேட்க ஆசைப்பட்டு ஒரு டிரைவர் பேட்டரியை மாட்டிவிட்டாராம். பெட்டி போயிற்று. நைனாவின் வேலையும் போயிற்று. அன்றிலிருந்து, பேட்டரி முனைகளின் நட்டுகளைக் கழற்றியதும் வேட்டியில் துடைத்து வாயில் போட்டுக்கொள்வார். பிளஸ் வலது கன்னம், மைனஸ் இடது கன்னம். வெல்டிங் முடிந்து இரும்பு ஆறும்வரை வெளியே வராது.

அந்த நேரத்தில் அவரிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்பது ஷெட்டின் சட்டம். முதலாளி அண்ணாச்சிகூடக் கேட்க மாட்டார். ஒருமுறை கேட்டு, பதில் சொல்ல வாய் திறந்த நைனாவின் பிளஸ், அண்ணாச்சியின் காபி டம்ளரில் விழுந்ததில் வந்த சட்டம்.

ருசி பார்த்தே பேட்டரிக்கு ஜோசியமும் சொல்வார். "புளிப்பு பத்தலபா. இது ஒரு மாசம் தாங்காது" என்று ஒரு லாரியை அனுப்பிவைத்தார். இருபத்தெட்டாம் நாள் அது பேசின் பிரிட்ஜில் போக்குவரத்தை மறித்துக்கொண்டு நின்றது.

வெல்டிங் என்றால் லாரியோடு விடமாட்டார். ஷெட்டில் இருக்கும் அத்தனை பேரின் கடிகாரமும் செல்போனும் ஒரு தகர டப்பாவுக்குள் போயாக வேண்டும்.

"யோவ் நைனா, என் வாட்ச்சு இன்னா லாரியா?" என்று ஒரு டிரைவர் எகிறினார்.

"பேட்டரி கீதா, இல்லியா?"

"கீது."

"அப்போ கயட்டு."

கடைசியில் தன் காது மிஷினையும் கழற்றி, கைக்குட்டையில் சுற்றி டப்பாவில் வைப்பார். ஆக, வெல்டிங் நடக்கும்போது நைனாவுக்குக் காதும் கேட்காது, வாயும் பேசாது. ஒருநாள் வாசலில் போன பொம்மைக்காரரை மறித்து, தாளம் போட்டுக்கொண்டிருந்த குரங்குப் பொம்மையைச் சைகையாலேயே அணைக்க வைத்தார். "நட்டு கயண்ட கேஸு" என்று சொல்லிக்கொண்டே போனார் அவர். நைனாவுக்கு அது கேட்கவில்லை.

அப்புறம் அந்த நாள் வந்தது.

புத்தம்புது லாரி. பின்சக்கர மட்கார்டைத் தாங்கும் பிராக்கெட்டில் விரிசல். மாலை நான்கு மணிக்குள் அது துறைமுக கேட்டுக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சரக்கை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடும். அண்ணாச்சி கிளம்பும்போது சொன்னார்:

"எல, கப்பல் போனா அடுத்த கப்பல் வரும். அந்தப் பெட்டி போச்சுன்னு வையி, யாரால போச்சோ அவன் நாளைக்கு இங்க காலு வைக்கப்படாது."

நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். அப்பா காசிமேட்டில் ஐஸ் உடைப்பவர். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். என் வேலை உத்தரவை அப்பா லாமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். வேலை போனால் அதைக் கிழிக்கக்கூட முடியாது.

மணி இரண்டரை. நைனா பேட்டரியைக் கழற்றினார், நட்டுகளை ஒதுக்கினார், காது மிஷினை டப்பாவில் வைத்தார், பெட்டியின் பிளக்கை உருவ கேபினுக்கு அடியில் புகுந்தார். பிளக் வரவில்லை. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

வெல்டர் தாஸ் கேட்டான்: "இன்னா டிப்ளமா, வைக்கட்டா? எர்த்து ஒயரு பின்னால வரிக்கும் எட்டல."

நான் கடிகாரம் இல்லாத மணிக்கட்டைப் பார்த்தேன். "பேட்டரிதான் கழட்டியாச்சே, வை" என்றேன். கிளாம்ப்பை நானே முன்பக்க பம்பரில் கவ்வவிட்டேன். விரிசல் பின்னால், கிளாம்ப் முன்னால், நடுவில் பிளக் உருவாத பெட்டி. படித்தவன் செய்த காரியம்.

ஒரே ஒரு பொறி. நீலமாக ஒரு வெளிச்சம் வண்டிக்கு அடியில் பாய்ந்தது.

"நிர்த்துடா டேய்!"

நட்டு வாயில் இருக்கும்போது நைனா பேசி அன்றுதான் கேட்டோம். தாஸ் ஹோல்டரைக் கீழே போட்டான். நைனா ஊர்ந்து வெளியே வந்து பிளஸ்ஸை உள்ளங்கையில் துப்பினார். இடது கன்னத்தைத் தடவினார். வலதைத் தடவினார். பிறகு வயிற்றைத் தடவினார்.

"பூட்ச்சு" என்றார்.

"நைனா, ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா!" என்று கத்தினேன். காது மிஷின்தான் டப்பாவில் இருக்கிறதே. கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டு மறுபடி அடியில் புகுந்தார். இந்தமுறை பிளக் வந்தது. வெல்டிங் மிஷினையே நகர்த்தி, கிளாம்ப்பை விரிசலுக்குப் பக்கத்தில் கடிக்கவிட்டு, தாஸின் முதுகில் தட்டினார். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார். மைனஸுக்கு மட்டும் பழைய லாரி ஒன்றிலிருந்து நட்டு வந்தது.

சாவியை நான்தான் திருப்பினேன். டேஷ்போர்டில் என்ஜின் விளக்கு சிவப்பாக எரிந்தது. நல்ல வண்டியிலும் முதலில் எரியும், மூன்று நொடியில் அணைந்துவிடும். ஒன்று. இரண்டு. மூன்று. அணையவில்லை. லாமினேட் செய்த காகிதம் கண்ணில் ஆடியது. நான்கு.

அணைந்தது. என்ஜின் உறுமியது. தாஸ் என்னைக் கட்டிப்பிடித்தான்.

(விழுங்கிய நட்டுக்காகக் கவலைப்படுகிறவர்களுக்கு: இரண்டு சீப்பு வாழைப்பழத்துக்குப் பிறகு மூன்றாம் நாள் பத்திரமாக வந்து சேர்ந்தது. எந்த லாரியில் மாட்டினார் என்று நான் கேட்கவில்லை.)

அன்று வண்டி கிளம்புவதற்குள் அண்ணாச்சி வந்து இறங்கினார். ஓடும் என்ஜினைக் கேட்டுச் சிரித்தவர், பம்பரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். புதுப் பெயின்ட்டில் கிளாம்ப்பின் பல் பதிந்து கருகியிருந்தது. அவரும் ஒரு காலத்தில் ஸ்பேனர் பிடித்தவர்தான்.

"இங்க யாருல கிளாம்ப் போட்டது?"

தாஸ் வானத்தைப் பார்த்தான். நான் வாயைத் திறந்தேன். நைனா என் காலை மிதித்தார். அப்போதுதான் காது மிஷினை மாட்டி முடித்திருந்தார்.

"நைனா, நீ பொய் சொல்லமாட்ட. நீ சொல்லு. யாரு?"

நைனா அண்ணாச்சியைப் பார்த்தார். சட்டைப்பையைத் துழாவினார். ஏதோ ஒரு துருப்பிடித்த நட்டை எடுத்து, வேட்டியில் நிதானமாகத் துடைத்து, இடது கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

ஷெட்டில் எங்கும் வெல்டிங் நடக்கவில்லை. லாரி உறுமிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி நைனாவின் கன்னத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"என்னமும் பண்ணித் தொலைங்க" என்று உள்ளே போனார். சட்டம் சட்டம்தானே.

ஒரு நட்டு ஏற்கெனவே வயிற்றில் கிடந்தது. எதற்கெடுத்தாலும் பயப்படுகிற அந்த மனிதர், எனக்காக இன்னொன்றை வாயில் போட்டுக்கொண்டு நின்றார்.