பிள்ளை அஞ்சு மணிக்கு மேல் நடக்கட்டும்

வெளிச்சப் பித்தர்கள் என்றொரு இனம் நம்மிடையே பெருகி வருவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். கழுத்தில் கேமரா தொங்கும். எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். அந்த முகத்தில் எந்தப் பக்கம் வெயில் விழுகிறது என்று பார்ப்பார்கள். சூரியன் எழுந்ததும் கொஞ்ச நேரம், விழுவதற்கு முன் கொஞ்ச நேரம், அவ்வளவுதான் இவர்களுக்கு நாள். நடுவில் வரும் பகல்? அது கடவுளின் கைப்பிழை.

அப்படி ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டவள் குமரி மாவட்டத்துக் கருங்கல் ஊர்ப் பக்கத்து ரெனிஷா. கணவன் பெனிஷ் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தான். வந்தவன் விடியுமுன் பேச்சிப்பாறைக்கு ஓடி அணைமேல் மிதந்த பனியை எடுத்தான். சாயங்காலம் இனயம் கடற்கரைக்கு ஓடி அலையில் மினுங்கிய வெயிலை எடுத்தான். குடும்பத்தோடு பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனபோது, அவன் மாமியார் பட்டுச்சேலை கட்டி, மூச்சைப் பிடித்து, வயிற்றை உள்ளே இழுத்து நிற்க, இவன் குப்புறப் படுத்து, ஜன்னல் வழியே தரையில் விழுந்த வெளிச்சத்தை எடுத்துவிட்டு எழுந்தான். மாமியார் இன்னும் அவனோடு பேசவில்லை.

ரெனிஷாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மகள் அபினா சுவரைப் பிடித்து நிற்கத் தொடங்கியிருந்தாள். அவள் முதல் அடி வைப்பதை அப்பன்காரன் விமானம் ஏறுமுன் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் உச்சிவேளை. முற்றத்தில் பிள்ளை சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"ஓடி வாருங்க, பிள்ள நடக்கப் போறா!"

பெனிஷ் ஓடி வந்தான். வானத்தைப் பார்த்தான்.

"ஏட்டி, பிள்ளைய இருத்து! இந்த வெயிலுல கண்ணுக்குழியில கறுப்பா நிழலு விழும். அஞ்சு மணிக்கு மேல நடக்கட்டும்."

"அத நீங்களே அவகிட்ட சொல்லுங்க."

சொன்னான். பிள்ளையைப் பிடித்து உட்காரவைத்து, குனிந்து, மரியாதையாகவே சொன்னான். அஞ்சு மணிக்கு வெயில் பொன்னாகத்தான் வந்தது. பிள்ளை தூங்கிவிட்டாள்.

மறுநாள் மழை மூட்டம். ரெனிஷா வானத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள், அவனுக்கோ குதூகலம். மேகத்துக்குள்ளிருந்து வருகிற வெளிச்சம் முகத்துக்கு மெத்தென்று இருக்குமாம். பிள்ளையை முற்றத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு, அந்த வெளிச்சத்தையும் திருப்பி முகத்தில் அடிக்க வேண்டும் என்று கொடியில் வெள்ளை வேட்டியைக் கட்டப் போனான். முதுகைக் காட்டி நின்று, இந்த முனையை இழுத்தான், அந்த முனையை இழுத்தான்.

அபினா சுவரை விட்டாள். ஓரடி. இன்னோரடி. தள்ளாடிக்கொண்டே போய் அப்பனின் காலைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள்.

அவன் திரும்பவில்லை.

"ஏட்டி, பிள்ளைய தூக்கு. வேட்டியில நிழலு விழுது."

ரெனிஷாவுக்கு அழுகை வந்தது. அதைவிட, அந்த வேட்டியை உருவி அவன் வாயில் திணித்தால் என்ன என்ற ஆத்திரம் வந்தது.

"நான் தூக்கி விட்டதில்ல. அவளா நடந்து வந்தாளாக்கும்."

அவன் திரும்பினான். முகம் வெளுத்தது. கேமராவை எடுத்தான்.

"இன்னொருக்கா நடக்கச் சொல்லு!"

பிள்ளை உட்கார்ந்து மண் தின்றுகொண்டிருந்தாள். அன்றிரவு அவன் விமானம் ஏறினான்.

சிரிக்கிறீர்கள். உங்களிடம் கேமராவே இல்லை என்கிறீர்கள். நல்லது. போன மாதம் உங்கள் வீட்டுப் பிறந்தநாளில், பிள்ளை ஆசை ஆசையாக ஊதி அணைத்த மெழுகுவர்த்தியை, "போட்டோ சரியா விழல, இன்னொரு தடவை கொளுத்துங்க" என்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தியது யார்?