ஹாய்க்கும் ரெஸ்பெக்டட் சாருக்கும் நடுவே

மதிப்பிற்குரிய அத்தானுக்கு உங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே என் வேலையைத் தவிர எல்லோரும் சௌக்கியம். அக்காவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

அத்தான், உங்கள் சிமென்ட் கிடங்கில் மூட்டை எண்ண ஆள் வேண்டும் என்றீர்களே, அந்த இடம் இன்னும் காலியா? இங்கிலீஷில் கடிதம் எழுதத் தேவையில்லாத எந்த வேலையும் எனக்குச் சம்மதம். எங்கள் நாற்காலி கம்பெனியில் இத்தனை காலம் "ரெஸ்பெக்டட் சார்" என்று ஆரம்பித்து, "யுவர் மோஸ்ட் ஒபீடியன்ட் சர்வன்ட்" என்று முடித்து, நடுவில் நாற்காலியைப் பற்றி நாலு வரி எழுதிப் பிழைத்து வந்தேன். பெரிய முதலாளி ஓய்வெடுத்துக்கொள்ள, மகன் வந்தார். வந்த வாரமே என்னைக் கூப்பிட்டு, "என்ன சார் இது, கோர்ட்டுக்கு மனுப் போடுற மாதிரி? கஸ்டமர்னா நம்ம ஃபிரெண்டு. ஹாய்னு போட்டுப் பேரைச் சொல்லி எழுதுங்க" என்றார். ஆடுகிற மாட்டை ஆடித்தானே கறக்க வேண்டும்? எங்களிடம் அதிகம் வாங்கும் தியேட்டர் முதலாளிக்கு, என் அப்பா வயது அவருக்கு, ஹாய் போட்டு, வெறும் பேரைப் போட்டு, வாழ்க்கை எப்படிப் போகிறது என்று விசாரித்து விலைப்பட்டியலை அனுப்பினேன். அனுப்பிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன் அத்தான். பதில் அவருடைய காரியதரிசி அம்மாவிடமிருந்து வந்தது: எங்கள் முதலாளியைப் பேர் சொல்லி அழைக்க இவர் யார்?

சின்ன முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. "மன்னிப்புக் கேட்டு எழுதுங்க, உங்க பழைய ஸ்டைல்லயே!" என்றார். எழுதினேன். தாழ்மையிலும் தாழ்மையாக, காலில் விழாத குறையாக மூன்று பக்கம். அந்த அம்மா, "கேலியா? ஆர்டர் ரத்து" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. திங்கட்கிழமை தன்னை வந்து பார்க்கச் சொல்லிச் சின்ன முதலாளி மெயில் அனுப்பியிருக்கிறார்; அதில் ஹாயும் இல்லை, சாரும் இல்லை. என் சீட்டுக் கிழிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். வீட்டில் காப்பி கேட்கக்கூட வாய் வரவில்லை. "தயவுசெய்து" சேர்க்கலாமா கூடாதா என்று அடுப்படி வாசலில் நின்றேன். "ஏங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்கிறாள் உங்கள் தங்கச்சி முறைக்காரி. ரொம்ப ஓய்ந்துபோய்விட்டேன் அத்தான்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அக்காவிடம் இதைச் சொல்ல வேண்டாம், அழுதுவிடுவாள்.

இப்படிக்கு,
முன்னால் எந்த அடைமொழியும் போடத் துணிவில்லாத
உங்கள் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் போன் வந்தது. தியேட்டர் முதலாளியே பேசினார். "அந்த ஹாய் போட்ட ஆள் நீங்கதானா? இன்னிக்குத்தான் அந்தக் கடுதாசி என் கண்ணுல பட்டுச்சு. எங்க அண்ணன் போனப்புறம் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லைங்க. எல்லாருக்கும் சாராப் போயிட்டேன். ஆர்டரைத் திரும்பப் போடச் சொல்லிட்டேன். ஆனா இனிமே அப்படியேதான் எழுதணும்" என்றார். எனவே கிடங்கு வேலைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள். பழக்கதோஷம், அவரிடம் "சரிங்க சார்" என்றுவிட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, பேரைச் சொன்னேன்.

"ம், சொல்லு" என்றார்.