சூரன்போரன்று எனக்குக் கலை வந்த விதம்

இணுவில்

அன்புள்ள தங்கை கேதீஸ்வரிக்கு, அண்ணன் கனகசபாபதி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் மச்சாள் நாகேஸ்வரியும் கந்தன் கிருபையால் சுகம். சாவகச்சேரியில் உன்னையும், முக்கியமாக உன் வலது காலையும், அவனே பார்த்துக்கொள்ள வேண்டும்.

தொலைபேசியில் நான் "இன்சுலின்" என்று வாய் திறந்ததும் நீ "லைன் கிளியர் இல்லை அண்ணை" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது என்பதால் எழுதுகிறேன். காலில் ஆறாத புண்ணோடு, டொக்டர் சொன்ன ஊசி வேண்டாம், பாவற்காய்ச் சாறு போதும் என்று நீ அடம்பிடிப்பதாக உன் மகள் தர்சினி சொல்லி அழுதாள்.

எனக்கும் நீரிழிவுக்கு ஊசி எழுதித் தந்தபோது நானும் உன்னைப் போலத்தான் பயந்தேன். ஊசி என்றால் கடைசிக் கட்டம் என்று நினைத்தேன். ஆனால் கிளினிக்கில் டொக்டர் சொன்னது வேறு. "ஐயா, உங்கடை உடம்பிலை இன்சுலின் இல்லாமலில்லை. உடம்பு அதின்ரை சொல்லுக் கேக்குதில்லை. அதாலை கணையம் வருசக்கணக்கா இன்னும் இன்னும் சுரந்து, இப்ப களைச்சுப் போச்சு" என்றார். யோசித்துப் பார் தங்கச்சி, கல்யாண வீடுகளில் நான் இரண்டாம் தரம் பாயசம் வாங்கிக் குடித்தபோதெல்லாம் உள்ளே ஒரு சீவன் எனக்காக மாடாய் உழைத்திருக்கிறது, எனக்கு அதன் பெயர்கூடத் தெரியாது. கண் கலங்கிவிட்டது. வெளியிலிருந்து ஒரு துளி போனால் அதற்கு ஆறுதல் என்றால், அந்தத் துளியைக் கும்பிடாமல் என்ன செய்வது? மருந்தைச் சாமிப்படத்தடியில் வைக்கப் போனேன். "அது பிறிட்ஜுக்குள்ளை இருக்கவேணும்" என்று நாகேஸ்வரி பறித்துக்கொண்டாள்.

இப்படிப் பக்தி முற்றியவன் கந்தசட்டியில் செய்த பிழையைக் கேள். சூரன்போரன்று உபவாசம். மருந்துக்கும் விரதத்துக்கும் என்ன பகை என்று, டொக்டரைக் கேளாமல், வழக்கமான அளவு ஊசியைப் போட்டுவிட்டு வெறுவயிற்றோடு கோயிலுக்குப் போனேன். சூரன் தலையை ஆட்டிக்கொண்டு வந்தான், நானும் ஆடத் தொடங்கினேன். வியர்வை ஓடுது, கைகால் நடுங்குது, கண் மங்குது. "கனகசபாபதி அண்ணைக்குக் கலை வந்திட்டுது, முருகன் வந்திறங்கீட்டார்" என்று யாரோ சொல்ல, தலையில் திருநீறு கொட்டுகிறார்கள், ஒரு பெண் காலில் விழுந்து அழுதழுது எதையோ கேட்கிறாள், முகம் தெரியவில்லை. என் வாயில் வந்தது ஒரே சொல்: "சோறு." "அன்னதானம் கேக்கிறார்" என்று ஒருவர் பொருள் சொன்னார். நல்லகாலம், பக்கத்து வீட்டு ரீச்சர் பிரதீபா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "உது கலையில்லை, சுகர் இறங்கிப் போச்சு" என்று சொல்லிச் சீனித் தண்ணீர் பருக்கினாள். கொஞ்ச நேரத்தில் முருகன் இறங்கிப் போய்விட்டார். எந்தச் சீனிக்குப் பயந்து வாழ்கிறேனோ, அதுவே என்னைக் காப்பாற்றியது.

டொக்டர் ஏசிய ஏச்சை எழுத முடியாது. ஊசி போட்டால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், விரதமென்றால் முதலில் அவரைக் கேட்க வேண்டும். பிழை என்னுடையது, மருந்தினுடையதல்ல. இப்போது தைரியமாக நானே போட்டுக்கொள்கிறேன், எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை. நீயும் தொடங்கு. எனக்கு இருப்பது ஒரேயொரு தங்கச்சி.

தர்சினிக்கு என் ஆசிகள். உன் கணையத்துக்கு என் வணக்கங்கள்.

அன்பு அண்ணன்,
கனகசபாபதி

பி.கு: மச்சாள், தபாலிலை போட முதல் நான் வாசிச்சனான். ஊசியை உவர் தன்ரை கையாலை போடுறதில்லை, நான்தான் போட்டுவிடுறன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு முருகா முருகா எண்டு கத்துவார். கோயிலிலை காலிலை விழுந்ததும் நான்தான். "மச்சாளின்ரை கால் தப்புமோ" எண்டு கேட்டனான். வந்தது முருகன் இல்லையெண்டு பிறகுதான் தெரிஞ்சுது. அதாலை என்ரை கேள்விக்கு இன்னும் மறுமொழி வரேல்லை. அதை நீங்கள்தான் சொல்லவேணும். – நாகேஸ்வரி