சோதனையில் தேறிய மழைக்கோட்டு

துணிச் சோதனைக்கூடத்தில் காலம் கழித்தவனுக்கு உலகத்தில் உடை என்று ஒன்று கிடையாது. எல்லாம் சோதனை மாதிரிகள்தான். கல்யாண வீட்டில் மற்றவர்கள் மாப்பிள்ளையைப் பார்ப்பார்கள். நான் அவர் தோளில் கிடக்கும் சால்வையின் சாயம் வியர்வைக்குத் தாங்குமா என்று பார்ப்பேன். (தாங்காது என்று ஒருமுறை பந்தியில் இருந்தே சொல்லிவிட்டேன். அந்த மாப்பிள்ளை வீட்டார் இன்றும் என்னுடன் கதைப்பதில்லை.)

ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் சோதனைக்கூடத்துக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அங்கே வந்தவை சும்மா உடம்பை மூடுகிற துணிகள் அல்ல. மழையை உள்ளே விடாத துணி, வியர்வையை வெளியே அனுப்பும் துணி, நெருப்புப் பிடிக்காத துணி. அவற்றை நனைப்பதும் கிழிப்பதும் தேய்ப்பதும் கொளுத்துவதும் என் வேலை. இதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள். ஓய்வு பெற்றபின், கொளுத்த ஒன்றுமில்லாமல் களுவாஞ்சிக்குடி வீட்டில் சும்மா இருந்தேன். முதல் மாரி தொடங்குமுன் யோகன் வந்தான்.

யோகன் என் மனைவி சரோஜாவின் தம்பி. சந்தைக்குப் பக்கத்தில் தையற்கடை வைத்திருந்தான். சனம் எல்லாம் தைத்த உடுப்பையே வாங்கத் தொடங்கியதால், அவனுடைய கடைக்கு வருகிறவர்கள் பேப்பர் படிக்கத்தான் வந்தார்கள். அந்த நேரத்தில் வாவியில் தொழில் செய்யும் மீனவர் சங்கம் ஒன்று, அங்கத்தவர்களுக்கெல்லாம் மழைக்கோட்டு வாங்கப்போவதாக அவன் காதில் விழுந்தது. கொழும்பிலிருந்து திறமான துணி எடுப்பித்து, மாதிரிக்கு ஒரு கோட்டு தைத்தான். அந்த ஓடர் கிடைத்தால் கடை தப்பும். கிடைக்காவிட்டால் கடையைப் பூட்டிவிட்டுக் கட்டாருக்குப் போவதாக முடிவு. வீட்டில் மனைவி பிள்ளைத்தாச்சி.

“மச்சான், திங்கக்கிழம வெள்ளண சங்கத்தில காட்டணும். இத ஒருக்காப் பாத்திட்டு, வந்து நல்லம் எண்டு ரெண்டு சொல்லுச் சொல்லுங்க. நீங்க சொன்னா அவங்க கேப்பாங்க.”

அவனுக்குத் தேவைப்பட்டது ரெண்டு சொல்லு. என்னிடம் இருந்ததோ ஒரு கோட்பாடு.

“பாக்கிறது வேற, சோதிக்கிறது வேற, தம்பி. வச்சிட்டுப் போ.”

படலையடியில் நின்று கோட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனான். முதல் நாள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுப்போகிற தகப்பனின் பார்வை அது.

சோதிக்குமுன் துணியை நியமச் சூழலில் ஆறவிட வேண்டும் என்பது முதல் விதி. மிதமான குளிர், மிதமான ஈரப்பதன். மட்டக்களப்பில் அப்படியொரு காற்று வீசியதாக எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் குளிரூட்டி பொருத்திய அறை ஒன்றுதான், படுக்கையறை. ஆகவே கோட்டு கட்டிலில் படுத்தது. நாங்கள் இருவரும் விறாந்தையில் நுளம்புக் கடிக்குள் படுத்தோம்.

“கோட்டுக்கு வேர்க்குமெண்டு நாம வெளிய கிடக்கிறமா?” என்றாள் சரோஜா.

“வேர்க்கிறதில்ல சரோ, அது சமநிலைக்கு வரணும்.”

“எனக்கு இரிக்கிற சமநிலையும் போகப் போகுது.”

ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்குப் போன கையோடு நான் வேலையைத் தொடங்கினேன். முதலில் தூறல் சோதனை. அவளுடைய பூவேலை வளையத்தில் கோட்டின் ஒரு பக்கத்தை இழுத்து மாட்டிச் சரித்து வைத்து, பூக்கன்றுக்கு ஊற்றும் வாளியால் மேலிருந்து தண்ணீர் தெளித்தேன். தண்ணீர் உருண்டு ஓடியது. ஒரு துளி ஒட்டவில்லை. அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

அடுத்தது அழுத்தச் சோதனை. துணியின் மேல் தண்ணீரை உயரமாக நிறுத்தினால் எப்போது கசிகிறது என்று பார்ப்பது. நீளமான பிளாஸ்டிக் குழாயொன்றை மாமரத்தில் நிமிர்த்திக் கட்டினேன். அடிவாயில் துணியை இறுக்கி, மேல்வாயால் தண்ணீர் ஊற்ற வேண்டும். முழுக் கோட்டைக் குழாய் வாயில் கட்ட முடியாது. அதற்கு விதி தெளிவாக இருக்கிறது: வட்டமாக வெட்டவும்.

வெட்டினேன்.

ஒரே இடத்தில் வெட்டுவதும் பிழை. ஓரிடத்தில் துணி நன்றாக இருக்கும், இன்னோர் இடத்தில் சோடை போயிருக்கும். ஆகவே முதுகில் ஒன்று, நெஞ்சில் ஒன்று, கைகளில் ஒவ்வொன்று, தலைமூடியில் ஒன்று. ஓரங்களிலிருந்து தள்ளி, அளந்து, சோக்கால் கோடு போட்டு, சரோஜாவின் நல்ல கத்தரிக்கோலால் வெட்டினேன். என் ஆயுளில் வெட்டிய மிக அழகான வட்டங்கள் அவைதான்.

சரோஜா திரும்பி வந்தபோது நான் ஏணியில் நின்று கடைசி வட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

“பாஸ்!” என்று கத்தினேன். “எல்லாம் பாஸ்! ஒரு சொட்டு இல்ல!”

அவள் கொடியில் கிடந்த கோட்டை எடுத்து விரித்தாள். முதுகு ஓட்டைக்குள்ளால் அவளுடைய ஒற்றைக் கண் என்னைப் பார்த்தது.

“இத இனி ஆர் போடுற?”

என் பணிக்காலம் முழுவதிலும் ஒருவரும் கேட்டிராத கேள்வி. சோதனைக்கூடத்துக்கு மாதிரிகள் கட்டுக்கட்டாக வரும். வெட்டுவோம், கொளுத்துவோம், குப்பையில் போடுவோம். திருப்பித் தாருங்கள், உடுத்த வேண்டும் என்று எவரும் வந்ததில்லை.

“ஒரு துண்டுத் துணி தா எண்டு அவனிட்டக் கேட்டிரிக்கலாமே!”

“தனியாத் தாற துண்டு எப்பவும் திறமாத்தான் இரிக்கும். விக்கிறவனுகள் செய்யிற கள்ளம் அது. தைச்ச சாமானில வெட்டினாத்தான் உண்மை தெரியும்.”

“அவன் கள்ளனில்ல, என்ட தம்பி!”

கோட்டில் இல்லாமற்போன பகுதிகள் அனைத்தும் முதல் தரமானவை என்பதை மட்டும் ஐயத்துக்கிடமின்றி நிறுவியிருந்தேன்.

தகவல் கேட்டு ஓடிவந்த யோகன், கோட்டை மடியில் போட்டுக்கொண்டு வாசற்படியில் இருந்துவிட்டான். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“என்ட மனிசிக்கு என்னெண்டு சொல்லுற, அக்கா?” என்று மட்டும் கேட்டான்.

புதிதாக ஒன்று தைக்க நேரமில்லை. அக்காவும் தம்பியும் தையல் மெஷினில் குந்தி, வட்டங்களைத் திருப்பி அதே ஓட்டைகளில் வைத்துத் தைத்தார்கள். “ஊசி போற இடமெல்லாம் தண்ணியும் போகும்” என்று நான் ஆரம்பித்தேன்.

“நீங்க கதைக்காதீங்க!” இருவரும் ஒரே குரலில்.

மறுநாள் வாவிக்கரையில் சங்கக் கட்டடம். தலைவர் பெரிய மீசைக்காரர். கோட்டை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினார்.

“என்ன தம்பி, கோட்டுக்குப் பொட்டெல்லாம் வச்சிரிக்கி?”

யோகன் வாவியைப் பார்த்தான். “அது நான் சோதிச்ச இடம்” என்றேன் நான்.

“ஆ, சோதிச்ச ஆள் நீங்களா ஐயா? அப்ப நீங்களே போடுங்க. நாங்க ஊத்திப் பாக்கிறம்.”

படித்த மனிசன் ஒருவன் தலையில், அவன் சம்மதத்துடன், வாளியால் தண்ணீர் ஊற்றும் வாய்ப்பு எல்லா நாளும் வராது. அங்கத்தவர்கள் வாளியோடு வரிசையில் நின்றார்கள். நான் விதிப்படி கையோரங்களை இறுக்கி, இடுப்பு நாடாவையும் வரிந்து கட்டிக்கொண்டு நின்றேன்.

முதல் வாளியில் தையலோரம் கசிந்தது. இரண்டாவதில் முதுகு வட்டம் வாய் பிளந்தது. அதன்பிறகு ஊற்றியதெல்லாம் நேரே உள்ளே. உள்ளே வந்த தண்ணீருக்கு வெளியே போக வழியில்லை. துணி அவ்வளவு தரம். கைகள் பூசணிக்காயாக வீங்கின. வயிறு முன்னுக்குத் தள்ளியது. நகர்ந்தால் உள்ளே வாவி அலையடித்தது.

“ஐயாக்கு இது எத்தினையாம் மாசம்?” என்றது வரிசையில் ஒரு குரல்.

கரை முழுக்கச் சிரித்தது. யோகன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் முகத்தில் கட்டார் தெரிந்தது. தலைவர் சிரித்துச் சிரித்து, தோணி விளிம்பில் இருந்து கண்ணைத் துடைத்தார். பிறகு எழுந்து வந்து என் வயிற்றை விரலால் குத்தினார். களுக்கென்றது. குனிந்து அடியில் பார்த்தார்; தடவியும் பார்த்தார்.

“டேய், இஞ்ச வந்து பாருங்கடா! இவ்வளவு தண்ணி உள்ளுக்க கிடக்கு, துணியால ஒரு சொட்டு வெளிய வரல்ல!” யோகனைத் திரும்பிப் பார்த்தார். “துணி நல்ல துணிதான் தம்பி. ஓட்டையில்லாம ஒண்டு தைச்சிக் கொண்டு வா, மறுகா பேசுவம். ஐயாட்ட மட்டும் குடுத்திராத.”

யோகன் தைத்தான். என்னிடம் தரவில்லை. ஓடர் கிடைத்தது, கட்டார் போகவில்லை. என் சோதனையால்தான் கிடைத்தது என்று நான் சொல்லி வருகிறேன். வீட்டில் எவரும் ஏற்பதாக இல்லை.

அந்த மாரியில் பிறந்த அவன் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். என்னைக் கண்டால் வெள்ளைச் சட்டையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, “மாமா, வெட்டாதீங்க!” என்று கத்தியபடி ஓடுவாள். நான் கோட்டை வெட்டியதையும் வாவிக்கரையில் நடந்ததையும் பக்கத்தில் நின்று பார்த்தவள் மாதிரி வகுப்பில் சொல்லியிருக்கிறாளாம். அவளுடைய ஆசிரியை என்னைச் சந்தையில் கண்டால் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்கிறார்.

தைப்பொங்கலுக்கு யோகன் எனக்கு ஒரு சட்டை தைத்துத் தருவான். கூடவே அதே துணியில் ஒரு சாண் துண்டும் தனியாக மடித்து வரும். “இது உங்கட துண்டு மச்சான். சட்டைய விட்டிருங்க.” எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவர்கள் போனபின் துண்டை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போவேன்.

இந்த வருடத் துண்டு முதல் கழுவலிலேயே சாயம் விட்டது. சட்டையைப் போட்டுக்கொண்டு, வேர்க்காமல், வாயையும் திறக்காமல் இருக்கிறேன்.