சீசீ பதினொண்ணு

இந்த வருஷம் மாமனார் ஊர் மாரியம்மன் நோம்பிக்குப் போவதே இல்லை என்று மோகனசுந்தரம் தீர்மானம் போட்டான். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கூட்டம் நடந்த இடம் குளியலறை. ஆஜரானவர் அவன் ஒருவன்தான்.

காரணம் இருந்தது. போன வருஷம் மாரியம்மன் கோயில் கம்பத்தைச் சுற்றி ஊரே இடப்பக்கம் ஆடிப் போக, அவன் மட்டும் வலப்பக்கம் ஆடிப் போனான். எதிரே வந்தது மனைவியின் அண்ணன் அர்த்தநாரி. தலை முட்டியது, வேட்டி அவிழ்ந்தது. அதை யாரோ போனில் பிடித்துவிட்டார்கள். மாமனார் ஊரான வேலந்தாவளத்தில் கிளம்பிய அந்த வீடியோ, டிக்கெட் எடுக்காமலே துபாய் வரை போய்வந்தது.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே ஆறு ஏக்கர் தென்னந்தோப்பு அவனுக்கு. தென்னைக்குத் தண்ணீர் விட்டது போக மிச்ச நேரத்தில் கம்ப்யூட்டரில் பாட்டுக்கு இசை போடுவான். உள்ளூர்க் கோயில் கமிட்டித் தலைவர் நஞ்சப்பன், நாதஸ்வரம் வைத்து ஒரு அம்மன் பாட்டுக் கேட்டிருந்தார். பத்து நாள் கழித்துக் கொடுத்தால் போதும். ஆனால் வீட்டில் "நாலு நாள்ல வேணுமாம்" என்று சொல்லி வைத்தான்.

நோம்பி நாள். மத்தியானம் ஒரு மணி. ஒரு வயசுப் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு மனைவி கோமதி வந்தாள்.

"ஏனுங்க, மூணு மணி பஸ்ஸுக்குப் போயிரலாமுங்களா?"

"எங்க போறது? சீசீ பதினொண்ணு அப்படியே கெடக்குது."

"எங்கூரு நோம்பியப் பாத்தா உங்களுக்குச் சீசீயாப் போச்சுங்களா?"

"ஐயோ, உங்கூரச் சொல்லல புள்ள. அது கம்ப்யூட்டர்ல ஒரு கண்ட்ரோலோட பேரு. சீசீ ஏழுன்னா சத்தம். சீசீ பதினொண்ணுன்னா பாவம்."

"யாருங்க பாவம்?"

"பாட்டோட பாவம்!"

"அது பாவந்தானுங்க. உங்க கையில வந்து மாட்டிக்கிச்சு."

மோகனசுந்தரம் காதில் வாங்காதவன் போல விளக்கினான். கம்ப்யூட்டர் நாதஸ்வரத்துக்கு மூச்சு கிடையாது. சும்மா விட்டால் வாளையார்ச் செக்போஸ்ட்டில் நிற்கும் லாரி ஹாரன் மாதிரி ஒரே கத்தலாகக் கத்தும். அதனால் திரையில் ஒவ்வொரு சுரத்துக்கும் கீழே புள்ளி வைத்து, புள்ளிகளைச் சேர்த்து ஒரு கோடு இழுக்க வேண்டும். கோடு ஏறினால் நாதம் பொங்கும். இறங்கினால் அடங்கும்.

"அந்தக் கோட்டுக்குப் பேருதான் கர்வ். அத வரைஞ்சு முடிக்க மூணு நாளாகும்."

"உங்களுக்குக் கர்வத்த வரைஞ்சு வேற வெக்கணுமுங்களா? இருக்கறது பத்தாதா?"

"ஒரு சுரத்துக்கு நாப்பது புள்ளி கோமதி. முந்நூறு சுரம் இருக்குது. நீ வேணா பாப்பாவக் கூட்டிட்டுப் போயிட்டு வா."

கோமதியின் முகம் வாடியது. இது மட்டும் நிஜமான வாட்டம். "தனியாப் போனா ஒறம்பரைச் சனம் பூராவும் 'மாப்பிள்ளை வரலியா, மாப்பிள்ளை வரலியா'ன்னு கேக்குமுங்க. எத்தனை பேருக்குத்தான் நான் பதில் சொல்லறது? நீங்க இல்லாம நான் போறதா இல்லீங்க."

சொல்லிவிட்டுப் பாப்பாவைத் தொட்டிலில் போட்டாள். ஒரு நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். மோகனசுந்தரம் மௌஸைப் பிடித்தான். பக்கத்தில் ஆள் இருந்தால் புள்ளி வைத்துத்தானே ஆகவேண்டும்? வைத்தான். ஒன்று. இரண்டு. மூன்றாவது புள்ளிக்கு முன்னால் கொட்டாவி விட்டான்.

கோமதி அதற்குள் மேஜையை முழுசாக நோட்டம் விட்டுவிட்டாள். "கீபோர்டுல இந்தத் திருகு எதுக்குங்க?"

"அதுவா... பாட்டு ஓடறப்ப அதத் திருகினா கோடு தானா விழும். ஆனா அதுக்கெல்லாம் கை பழகியிருக்கணும். வருஷக்கணக்குல பழகணும்."

"கேஸ் அடுப்புத் திருகாட்டத்தான இருக்குது."

"நீ வேற! இது சங்கீதம்."

"ஒருவாட்டி ஓட வுடுங்க, பாக்கலாம்."

எப்படியும் சொதப்பத்தான் போகிறாள், சொதப்பினால் நாலாவது நாளும் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு, சிவப்புப் பொத்தானை அழுத்தினான்.

கோமதி திருகைப் பிடித்தாள். பால் காய்ச்சும்போது எப்படியோ அப்படி. சன்னமாக ஆரம்பித்து மெல்ல ஏற்றினாள். நாதம் பொங்கி விளிம்புக்கு வந்த நேரத்தில் டக்கென்று சிம்முக்குக் கொண்டுவந்தாள். அடுத்த வரிக்குக் கடுகு வெடிக்கிற தீ. அதற்கடுத்ததற்குத் தோசைக்கல் தீ. நாலு நிமிஷத்தில் பாட்டு முடிந்தது. திரையில் கோடு மலையும் மடுவுமாக விழுந்து கிடந்தது. லாரி ஹாரன் நாதஸ்வரமாகியிருந்தது. மோகனசுந்தரத்தின் கையில் மயிர் சிலிர்த்தது. கொசு கடித்ததுபோல் அதைத் தேய்த்து மறைத்தான்.

"முடிஞ்சுதுங்களா?"

"அதெப்படி முடியும்? இனித்தான் பெரிய வேலை. இதக் கன்வெர்ட் பண்ணணும்."

"அப்படீன்னா?"

"இப்ப இந்தக் கோடு சுரத்தோட ஒட்டிக்கிட்டு இருக்குது. அதப் பிரிச்சுத் தடத்துல தனியா நிக்க வெக்கணும். ஆட்டோமேஷன்னு பேரு. ரெண்டு மணி நேரம் ஆகும்."

வாய் ரெண்டு மணி நேரம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பழகிப்போன விரல் மெனுவைத் திறந்து அமுக்கிவிட்டது. ஒரு விநாடி. கோடு கீழே மறைந்து, வேறு நிறத்தில் மேலே வந்து நின்றது. வாயோடு கலந்து பேசாத விரலை என்ன செய்வது!

"ரெண்டு மணி நேரம் ஆச்சுங்களா?"

மோகனசுந்தரம் துணிந்தான். இருமுவதுபோல் இருமி, மௌஸைக் கை தவறித் தள்ளுவதுபோல் தள்ளினான். முந்நூறு சுரமும் மொத்தமாக நகர்ந்து ரெண்டு தாளவட்டம் முன்னே போயின. கோடு மட்டும் நின்ற இடத்தில் நின்றது. பாட்டை ஓடவிட்டான். அடங்க வேண்டிய இடத்தில் நாதஸ்வரம் அலறியது. அலற வேண்டிய இடத்தில் முனகியது.

"போச்சு கோமதி! எல்லாமே போச்சு!" என்று தலையில் கை வைத்தான். மனசுக்குள் குலவை.

"ஏனுங்க, சுரம் நகந்தா கோடு கூட வராதுங்களா?"

"எப்படி வரும்? அதான் பிரிச்சாச்சே! முன்ன மாதிரி ஒட்டியிருந்தா வந்திருக்கும். இனி முதல்லருந்து புள்ளி வெக்கணும். மூணு நாள்!"

கோமதி திரையைப் பார்த்தாள். மேலே கோடு. கீழே சுரம்.

"கட்டில நகத்துனா மெத்தை கூட வருமுங்க. ஃபேன் வருமுங்களா?"

"வராது."

"காத்து வேணுமுன்னா என்ன பண்ணுவோம்? ஃபேனைக் கழட்டி மாட்டுவமா?"

அவன் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தான். அவளே மௌஸைப் பிடித்து, சுரங்களை மொத்தமாகப் பழைய இடத்துக்கு இழுத்து விட்டாள். பொத்தானை அழுத்தினாள். பால் பொங்கியது, அடங்கியது.

"மணி ஒண்ணேமுக்காலுங்க. வேட்டி தேச்சு வெச்சிருக்கறேன்."

கடைசி அஸ்திரமாக எழுந்து நின்றான். "வர்றேன். ஆனா ஆட மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"நான் உங்கள ஆடுங்கன்னு ஒரு வார்த்தை சொன்னனுங்களா?"

யோசித்துப் பார்த்தான். சொல்லவில்லைதான். பாதித் தீர்மானமாவது பிழைத்ததே என்று பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினான். ஜன்னலோர சீட். வேலந்தாவளம் நெருங்க நெருங்கக் காற்றில் அவனுக்குத் தூக்கம்கூட வந்தது. பாப்பாவுக்கு பிஸ்கட் எடுக்கப் பையைத் திறந்த கோமதி, மஞ்சள் தாள் ஒன்றை அவன் மடியில் வைத்தாள்.

நோம்பி நோட்டீஸ். விழாக் கமிட்டிச் செயலாளர் அர்த்தநாரி. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில்: 'மாலை ஆறு மணிக்குக் கம்பத்தாட்டம். முதல் ஆட்டம் ஆடித் துவக்கி வைப்பவர், கம்ப்யூட்டர் இசைச் செம்மல், எங்க ஊர் மாப்பிள்ளை கொழிஞ்சாம்பாறை மோகனசுந்தரம்.'

"எப்ப அடிச்சது இது?"

"போன வாரமுங்க. ஐந்நூறு."

"இத ஏன் காத்தாலயே எங்கிட்டச் சொல்லல?"

கோமதி பாப்பாவின் வாயைத் துடைத்துவிட்டாள்.

"சொல்லியிருந்தா நீங்க நெசமாவே புள்ளி வெச்சிருப்பீங்களே."