மணவறைக்கு மேலே ஒரு கல்

என் மகளின் கல்யாணத்தன்று ஆகாயத்திலிருந்து ஒரு கல் வந்து குண்டசாலை மண்டபத்தின் மேல் விழும் என்று நான் நம்பினேன். விளையாட்டாக இல்லை, மனதார நம்பினேன். லப்டொப்பே காட்டியது. குற்றம் லப்டொப்பில் இல்லை, என்னில்தான் என்பது பிறகு தெரிந்தது. தெரிய வைத்தவர் அப்டேட் நானா.

அப்டேட் நானாவுக்குத் தெரியாமல் சூரியனைச் சுற்றுகிற கல் ஒன்று இருந்தால், அது அந்தக் கல்லின் அலட்சியம். திகன பஸாரில் பெயின்ட் கடை வைத்திருக்கிறார். சொந்தப் பெயர் கடைப் பலகையில் கொட்டை எழுத்தில் இருக்கிறது, யாரும் வாசித்ததில்லை; ஊருக்கெல்லாம் அவர் நானா, அண்ணன். உள்ளே, பிரஷ் கட்டுகளுக்கு நடுவே, வானத்தைக் காட்டும் மென்பொருள் போட்ட ஒரு கம்ப்யூட்டர். நட்சத்திரங்களால் அவருக்குத் தொந்தரவு இல்லை. வைத்த இடத்தில் நிற்கும். வால்வெள்ளியும் சிறுகோளும் அப்படியா? அவற்றின் பாதையை உலகம் பூராவும் ஆட்கள் பார்த்துப் பார்த்துத் திருத்துகிறார்கள். திருத்திய கோப்பை நாமும் இறக்கிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வந்ததும் நானாவுக்கு அதுதான் முதல் வேலை. அது முடியும் வரை யாவாரம் கிடையாது.

"நானா, வெள்ளை ஒரு வாளி."

"கொஞ்சம் இரிங்க. வால்வெள்ளி எறங்கிட்டிருக்கு."

வாளி கேட்டவர் அண்ணாந்து கடைக் கூரையைப் பார்ப்பார்.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு மஞ்சள் துணி வைத்திருப்பார். தொலைநோக்கிக் கண்ணாடி துடைப்பதற்கு. ஒருவர் தும்மிவிட்டு அவசரத்தில் அதை எட்டி எடுத்தார். அவருக்கு அதன்பிறகு அந்தக் கடையில் கறுப்புப் பெயின்ட் மட்டும்தான் கிடைத்தது.

மற்றக் கடைகளில் ஒரு வாளி பெயின்ட் வாங்கினால் ஒரு பிரஷ் இலவசம். நானா எனக்குச் சூரியக் குடும்பத்தையே இலவசமாகக் கொடுத்தார். பன்வில ரோட்டிலுள்ள எங்கள் வீட்டுக்குப் பெயின்ட் வாங்கப் போன அன்று, என் கையிலிருந்த லப்டொப்பை வாங்கி அந்த மென்பொருளை ஏற்றித் தந்தார். பிறகு வாராவாரம் ஃபோன்.

"தம்பி, கோப்பு புதுசாக்கினீங்களா?"

"ஆமா நானா, இப்பதான்."

பச்சைப் பொய். அன்று வாங்கி அடித்த பெயின்ட் வெளுத்து, உரிந்து, மகள் கல்யாணத்துக்காக மறுபடி அடிக்கும் காலமும் வந்துவிட்டது. கோப்பு மட்டும் நானா அன்று போட்டது போட்டபடி இருந்தது.

ஒரு நாள் மாலை, சும்மா இருக்க முடியாத என் கை, கல்யாணத் தேதியை அந்த மென்பொருளில் அடித்துப் பார்த்தது. கிரகங்கள் எல்லாம் ஒழுங்காக நின்றன. பூமியை ஒட்டி, சட்டையில் ஒட்டிய சோற்றுப் பருக்கை மாதிரி, ஒரு கல். தூரத்தைப் பார்த்தேன். நிலாவே அதற்கு எங்கேயோ பின்னால் இருந்தது.

சமையலறைக்குப் போனேன்.

"கல்யாணத்த ஒரு வாரம் தள்ளி வச்சா என்ன?"

மனைவி அகப்பையோடு திரும்பினாள். "ஏன்? மாப்பிள்ள வீட்டுல ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இல்ல. மேல இருந்து ஒரு தகவல்."

"மேலன்னா? ஐயரா?"

"அதுக்கும் மேல."

"என்னங்க, போயி மூஞ்சக் கழுவிட்டு வாங்க."

நான் முகம் கழுவவில்லை. மண்டப மேனேஜருக்கு ஃபோன் போட்டேன். கூரை கொன்கிரீட்டா, தகரமா? தகரம்தான் என்றார். ஒரு கல் விழுந்தால் தாங்குமா?

"குரங்கு பாய்ஞ்சா தாங்கும், சேர்," என்றார் பெருமையாக.

பத்திரிகை கொடுத்து முடிந்திருந்தது. மாப்பிள்ளையின் அக்கா வெளிநாட்டிலிருந்து டிக்கெட் போட்டுவிட்டாள். இந்த நிலையில் கல்யாணத்தை நிறுத்தினால் சம்பந்தி வீட்டார் என்னை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாவிட்டால் கல். லப்டொப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திகன பஸ்ஸில் ஏறினேன்.

நானா திரையைப் பார்த்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவருக்குக் கோபம் வந்தது.

"தம்பி, இது நான் போட்டுத்தந்த கோப்பு."

"ஆமா நானா."

"அப்ப வாராவாரம் எனக்கிட்ட புதுசாக்கினேண்டு செல்லினது?"

நான் பெயின்ட் வாளிகளைப் பார்த்தேன்.

"அண்டைக்கிப் புடிச்ச மீன வச்சி இண்டைக்கிக் கறியாக்குவீங்களா? இந்தக் கல்ல அப்பதான் புதுசாக் கண்டுபுடிச்சாங்க. கொஞ்ச நாள் பாத்த அளவுல ஒரு பாதை போட்டாங்க. பொறவு எத்தின பேரு பாத்துத் திருத்தீட்டாங்க! நீங்க மட்டும் அங்கேயே நிக்கிறீங்க."

புதிய கோப்பை இறக்கினார். கல் திரையில் ஒரு துள்ளுத் துள்ளி நிலாவுக்கு அப்பால் போய் நின்றது. என் உயிர் அதே வேகத்தில் திரும்பி வந்தது.

"அப்ப விழாதா நானா?"

"விழாது. ஆனா வரும். ராவைக்கி, ரிசெப்ஷன் நேரம். நான் டெலஸ்கோப்போட வாறேன்."

வந்தார். எல்லோரும் அன்பளிப்போடு வர, இவர் வடிகால் குழாய் போன்ற தொலைநோக்கியைத் தோளில் சுமந்து வந்து, மண்டபத்துக்குப் பின்னால் வாகனம் நிறுத்துமிடத்தில் ஊன்றினார். மலைப்பக்கத்து மேகம் அன்றைக்கென்று விலகியிருந்தது. நானாவின் ஃபோனில்தான் சிக்னல் இல்லை.

"காலையில கோப்பு போட்டீங்கதானே நானா?"

"காலையில போட்டது காலைக்கி. கல்லு கிட்ட வந்துட்டு. பூமி இழுக்குது, பாதை வளையுது. புதுசு இல்லாமப் பாக்க ஏலா."

நேரே மேடைக்கு ஏறினார். படம் எடுக்க வரிசையில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு போய், மாப்பிள்ளையின் காதில் குனிந்தார்.

"மகன், ஹொட்ஸ்பொட் ஒண்டு தாங்க. சின்னக் கோப்புதான்."

மாப்பிள்ளை தங்கமான பிள்ளை, மாலையை ஒதுக்கிவிட்டு ஃபோனை எடுத்தான். கல்யாண ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. மாப்பிள்ளையும் நானாவும் ஒரே ஃபோனுக்குள் தலையை விட்டிருக்கிறார்கள். மகள் கூரையைப் பார்க்கிறாள்.

கோப்பு இறங்கியதும் நானா குழாயை ஒரு விரலளவு நகர்த்தினார். "இப்ப பாருங்க."

குனிந்தேன். சில நட்சத்திரங்கள். அவற்றுக்கு நடுவே இன்னும் ஒரு புள்ளி, எந்த விசேஷமும் இல்லாமல். ஏமாந்துபோய் நிமிரப் பார்த்தேன். அப்போது அது நகர்ந்தது. மற்றவை எல்லாம் அசையாமல் நிற்க, அது ஒன்று மட்டும் யாரையும் சட்டை செய்யாமல் போய்க்கொண்டிருந்தது. ஒரு மலையளவு கல்லாம். எங்கேயோ ஒருவர் பார்த்து அளந்ததை இன்னொரு தேசத்தில் ஒருவர் திருத்தி, அது என் மருமகனின் ஃபோனில் இறங்கி, இத்தனை பெரிய இருட்டில் இதோ இந்த ஊசிமுனை இடம் என்று காட்டியிருக்கிறது. சிரிக்க வைக்கிற பகிடி ஒன்றுகூட எனக்கு வரவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய விஷயம் என்று.

பிறகு மனைவி பட்டுச் சேலையைச் சுருட்டிக்கொண்டு குனிந்தாள். சம்பந்தி குனிந்தார். மேனேஜர் ஒரு தடவை கூரையைப் பார்த்துவிட்டுக் குனிந்தார். கடைசியாக மகள், மாலையோடு. "அப்பா, போகுதுப்பா," என்று மட்டும் சொன்னாள்.

கல் விழவில்லை. நானா காட்டிய வழியே, நிலாவுக்கு அப்பால் போய்விட்டது. மகளும் மாப்பிள்ளையோடு காரில் ஏறிப் போய்விட்டாள். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றேன். நானா சட்டைப் பையிலிருந்து அந்த மஞ்சள் துணியை எடுத்து என்னிடம் நீட்டினார்.